வியாழக்கிழமையில் வந்த திங்கள்

மாசாணத்துக்கு அந்த வருஷம் முழுக்கத் தூக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. சூலூரில் வீடு, வீட்டை ஒட்டி அப்பா கந்தப்பனின் தறிக்கூடம். கோயமுத்தூரில் மருத்துவக் கல்லூரி. இரண்டுக்கும் நடுவே சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலை. வகுப்பில் உட்கார்ந்தால் பேராசிரியரின் குரல் தறிச் சத்தத்துக்கு அப்பாலிருந்து வருவதுபோல் இருக்கும். கண்ணை மூடினால் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு மிதக்கும்.

மருத்துவம் படிக்கும்போதே சின்னதாக ஓர் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு டெல்லியிலிருந்து உதவித்தொகை உண்டு என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததில் ஆரம்பித்தது எல்லாம். பஞ்சுத்தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்று எழுதிப்போட்டாள். அனுமதி வந்தது, பணம் வரவில்லை. அறிக்கையை அனுப்பி, அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணம். கல்லூரியில் மூச்சளக்கும் கருவி ஒன்று இருந்தது, வாய்வைத்து ஊத ஆளுக்கொன்றாக மாற்றும் அட்டைக்குழல்தான் இல்லை. அப்பாவிடம் சொன்னாள். நூல் சுற்றும் குழல் செய்கிற பட்டறையில் சொல்லி, அதே அளவுக்குப் புதுக்குழல்களை ஒரு சாக்கு நிறைய வாங்கிவந்து வைத்துவிட்டார்.

"ஊதறதுக்குத்தானே கண்ணு, இது போதுமல்ல?"

போதும். ஆனால் நேரம்தான் போதவில்லை.

அந்தச் சிங்காநல்லூர் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. ஒருநாள் பஞ்சில்லாத காற்றைச் சுவாசித்துவிட்டுத் திங்களன்று உள்ளே போனால், சிலருக்கு நெஞ்சை யாரோ துணியால் கட்டி இறுக்குவதுபோல் இருக்கும். செவ்வாய், புதன் என்று மெல்லத் தளரும். ஆகவே அளக்க வேண்டியது திங்களன்று, வேலைக்குப் போகும்முன் ஒருமுறை, முடிந்து வரும்போது ஒருமுறை. கல்லூரியிலோ திங்கள்தோறும் பேத்தாலஜி டெஸ்ட். முதல் இரண்டை அவள் விட்டாள். மூன்றாவதையும் விட்டபோது துறையில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், இனி ஒன்றை விட்டாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று.

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான டாக்டர் நரசிம்மலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமேம்மா. ரெண்டு குதிரையில உக்கார முடியுமா?"

மாசாணம் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு அழவும் அவளுக்குத் தெம்பில்லை.

காலை பஸ்ஸில், கூடப் படிக்கும் சிநேகிதி உம்மல் குல்சும் ஒண்டிப்புதூரில் ஏறுவாள். ஏறியதும் புத்தகத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்குவாள். மாசாணம் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவாள். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பும்போதும் அப்படித்தான். வெயில் சாய்ந்து சிங்காநல்லூர்க் குளம் தகதகத்தது. குல்சுமின் குரலில் ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து பஞ்சுபோல் பறந்தன. அந்த வெண்மைக்குள் யாரோ இருமினார்கள். வறண்ட, அடிநெஞ்சிலிருந்து கிளம்பும் இருமல். திங்கட்கிழமை இருமல். கனவுக்குள்ளேயே மாசாணம் நினைத்தாள்: இன்றைக்குத் திங்கள் இல்லையே.

கண்ணைத் திறந்தாள். முன்சீட்டில் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு பெண், மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்கக்கா, நேத்து உங்களுக்கு லீவுங்களா?"

அந்தப் பெண் திகைத்துத் திரும்பினாள். "ஆமாங் அம்மணி. எங்க மில்லுக்குப் புதங்கெழமதான் லீவு. கரண்டு பத்தாதுன்னு மில்லுக்கொரு கெழமையாப் பிரிச்சுப்போட்டாங்கல்லோ. ஏங்கண்ணு?"

மாசாணம் குல்சுமின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாடி? இவங்களுக்கு வியாழக்கிழமைதான் திங்கட்கிழமை!"

"தூங்கி எந்திரிச்சவ பேச்சா இது?" என்று குல்சும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தப் பெண் சின்னாத்தாள். சிங்காநல்லூரிலேயே இன்னொரு மில்லில், பஞ்சை உதறிச் சிக்கெடுக்கும் பகுதியில் வேலை. அவள் மூலமாகவே மாசாணமும் குல்சுமும் அங்கே அனுமதி கேட்டுப் போனார்கள். வியாழன் காலையில் மாசாணம் அளந்துவிட்டு வகுப்புக்கு ஓடுவாள். சாயங்காலம் திரும்பும் வழியில் மறுபடி இறங்குவாள். திங்கட்கிழமைகளைப் பேத்தாலஜிக்கே கொடுத்துவிட்டாள். கிழமை மாறினாலும் நோய் விடுமுறைக்கு மறுநாளைத்தான் தேடி வருகிறது என்பது இரண்டு மில்லையும் சேர்த்துப் பார்த்ததில் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. நரசிம்மலு கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். "குதிரை ஒண்ணுதான்போல இருக்கும்மா" என்றார் கடைசியில்.

மில் வாசலில் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் புருவத்திலும் இமையிலும் வெள்ளை படிந்து, வயதே தெரியாத மனிதர்களாய், மேகத்திலிருந்து இறங்கி வருவதுபோல் வருவார்கள். ஒவ்வொருவராகக் கன்னம் உப்ப ஊதுவார்கள். பந்தயம்போல் சிரிப்பார்கள். கருவியின் முள் எவ்வளவு கீழே நிற்கிறதோ ஆராய்ச்சிக்கு அவ்வளவு சான்று, அவ்வளவு நிறைவு மாசாணத்துக்கு.

ஒரு சாயங்காலம் சின்னாத்தாள் ஊதிவிட்டு, மூச்சு வாங்க, ஆவலோடு கேட்டாள்: "இன்னைக்கு நல்லா ஊதுனனுங்களா அம்மணி?"

முள் என்றுமில்லாத அளவுக்குக் கீழே இருந்தது. மாசாணத்தின் மனசு ஒரு கணம் துள்ளியது, அடுத்த கணம் கூசிப்போனது. இவள் நெஞ்சு அடைத்துக்கொள்வதில் தனக்கென்ன சந்தோஷம்?

"இல்லீங்கக்கா, நல்லா இல்லீங்க" என்றாள். நெஞ்சில் என்ன நடக்கிறது என்பதை உட்காரவைத்து முழுதாகச் சொன்னாள். அறிக்கைக்கு இன்னும் சில வியாழக்கிழமைகள் தேவைப்பட்டன. அதை நினைக்காமல், மறுநாளே நரசிம்மலுவை அழைத்துக்கொண்டு மில் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, தூசி குறைவான நூல் சுற்றும் பகுதிக்குச் சின்னாத்தாளை மாற்றச் சம்மதித்தார். மற்றவர்களுக்கு மூக்கை மூடத் துணியும் கொடுப்பதாகச் சொன்னார். எல்லாரையும் மாற்ற முடியாது என்றும் சொன்னார்.

பேத்தாலஜியில் மாசாணம் மயிரிழையில் தேறினாள். அறிக்கையை டெல்லி ஏற்றுக்கொண்டது. பணம் மார்கழியில், எல்லாம் முடிந்து அவளே மறந்திருந்த ஒருநாளில் வந்தது. அறிக்கையில் ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் மூச்சளவு எண்கள் பாதியில் திசைமாறி மேலேறின. "இதை எடுத்துடலாமா? வேலை மாறின ஆளு, கணக்கைக் குழப்புது" என்று அதை அனுப்பும்முன் நரசிம்மலு கேட்டிருந்தார்.

"இருக்கட்டுங்க சார். ஏன் ஏறுச்சுன்னு கீழே எழுதிடறேனுங்க" என்றாள் மாசாணம்.