உரைத்த மாத்திரை

எவர்சில்வர் டம்ளர் பிரேமலதாவின் இடது புருவத்தில் பட்டு, தரையில் உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. வலிக்கு முன்னால் ரத்தம் வந்துவிட்டது. எறிந்தவள் அவள் மகள் கனிஷ்கா. ஒன்பது வயது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, துரத்தப்பட்ட நாய்க்குட்டிபோல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையில் கட்டிக் கொடுத்த தயிர்சாதம் டப்பாவில் அப்படியே புளித்துக் கிடந்தது. ஒரு வாய் சாப்பிடு என்று சொன்னதற்குத்தான் டம்ளர்.

மூன்று வாரமாக மாலை ஐந்து மணி ஆனால் இந்த வீட்டில் ஏதாவது உடைகிறது. பிள்ளைக்கு ஏடிஹெச்டி, மனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று தில்லைநகர் டாக்டர் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், மருந்து இறங்கும் நேரத்தில் கொஞ்சம் சிடுசிடுப்பு இருக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். காலையில் முதல் இரண்டு பீரியடும் போர்டில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறாள் என்று டீச்சர் மெச்சினார். மதியம் கை நடுங்கியது. “நெஞ்சுக்குள்ள குருவி அடிச்சுக்குதும்மா” என்றாள் பிள்ளை. மாலையில் கடித்தாள், எறிந்தாள், தன் தலையையே சுவரில் மோதிக்கொண்டாள். முந்தின நாள் பிரேமலதாவும் பொறுக்கமுடியாமல் கரண்டிக் காம்பால் அவளை நாலு போடு போட்டிருந்தாள். அதன் பிறகு பெருமாள் கோயில் தாயார் சன்னதிக்குப் போய் நின்றாள். அடித்த கையைக் கூப்பி எதைக் கேட்பது என்று தெரியாமல், தீர்த்தம்கூட வாங்காமல் திரும்பி வந்தாள்.

நவநீதன் அப்போதுதான் தொட்டியத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் இறக்கிவிட்டு, லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தினான். உள்ளே வந்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். வெளியே போய் தார் கட்டும் நைலான் கயிற்றோடு வந்தான்.

முதல் அடி கனிஷ்காவின் தொடையில் விழுந்தது. இரண்டாவது அடிக்குள் அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பல்லால் கவ்விவிட்டாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை.

“மாத்திரையக் கொடுத்து பேயாக்கி வச்சிருக்கீங்க. நாளைக்கு அந்த அட்டைய கொள்ளிடத்துல வீசுறேன். அப்பறம் இவ படிச்சாலும் சரி, மாடு மேய்ச்சாலும் சரி” என்று கத்தினான்.

அடுத்த அடி குனிந்து மறித்த பிரேமலதாவின் முதுகில் விழுந்தது. அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு, முந்தானையால் புருவத்தை அழுத்தியபடி தெருவுக்கு வந்தாள்.

தெருமுனை மருந்துக்கடை நஸ்ருல்லா யார் அடித்தது என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, காயத்தைத் துடைத்து, தையல் வேண்டாம் என்று பார்த்து பிளாஸ்டர் ஒட்டினார். பிறகு பிள்ளையின் தொடையில் தடித்திருந்த கோட்டுக்கும், அவள் கேட்காமலே, மருந்து தடவினார்.

“என்னையும் கடிச்சா ஊசி போட்டுருவேன்.”

“நீங்க டாக்டர் இல்லையே” என்றாள் கனிஷ்கா.

“விவரம்தான்.” சிரித்துக்கொண்டே பிரேமலதாவிடம் திரும்பினார். “மாத்திரைய எப்படிம்மா கொடுக்குறீங்க?”

“முழுங்க மாட்டா பாய். கொழந்தைக்கு வசம்பு, ஜாதிக்கா உரைச்சுப் போட்ட கல்லு இருக்கு. அதுல உரைச்சு, தேன்ல கொழச்சு நாக்குல தடவிடுவேன். எங்க வீட்டுல எல்லா மருந்தும் அப்படித்தான்.”

நஸ்ருல்லாவின் கை பஞ்சோடு அப்படியே நின்றது.

“அத உரைக்கவே கூடாதும்மா. பகல் பூரா கொஞ்சங்கொஞ்சமா கரையறதுக்குன்னு செஞ்ச மாத்திரை அது. பொடிச்சா மொத்தமும் ஒரேயடியா ஏறிடும். அதான் படபடப்பு. அப்பறம் சாயங்காலத்துக்குள்ள சடார்னு எறங்கிடும். பிள்ளை என்ன பண்ணும்?”

“டாக்டர் சொல்லியிருப்பாரு. அன்னைக்குப் பாதி கேட்டேன். பாதி அழுதுக்கிட்டிருந்தேன்.”

“நானும் கேட்டிருக்கணும். அன்னைக்குக் கடையில கூட்டம். அட்டையக் கொடுத்துட்டுக் காசை வாங்கிப் போட்டுட்டேன்.”

தன் மேல் பாதிப் பழியை எடுத்துக்கொண்ட அந்த மனிதரைப் பிரேமலதா நிமிர்ந்து பார்த்தாள். பெருமாள் எந்தக் கடையில் எந்தத் தொப்பியோடு நிற்பார் என்று யார் சொல்வது? நஸ்ருல்லா டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். காலையில் மாத்திரை கொடுக்காமல் பிள்ளையை அழைத்து வரச் சொன்னார் டாக்டர். கிளம்பும்போது நஸ்ருல்லா ஒரு பொட்டலம் சீரக மிட்டாயை கனிஷ்காவின் கையில் வைத்தார்.

“கடிக்காம, ஒண்ணொண்ணா தண்ணியோட முழுங்கிப் பழகு. இது உள்ள போச்சுன்னா மாத்திரையும் போகும்.”

பத்து வீடு தாண்டியதும் பிரேமலதா நின்றாள். மூன்று வாரமாகப் பிள்ளை வாங்கிய அடி ஒவ்வொன்றும் அவள் கை உரைத்த அடி. சொன்னால் அந்தக் கயிறு அவள் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் மாத்திரை ஆற்றோடு போகும், பேய் என்ற பெயர் பிள்ளையோடு நிற்கும். கனிஷ்கா அண்ணாந்து பார்த்து, எம்பி, அவள் புருவத்தில் ஊதினாள். “எரியுதாம்மா?”

நவநீதன் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரேமலதா சாமி அலமாரியிலிருந்து உரைகல்லை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். குழியில் தேனும் வெள்ளைப் பொடியும் காய்ந்து ஒட்டியிருந்தன.

“இவ பேய் இல்லங்க. நான்தான் மாத்திரைய இதுல உரைச்சுக் கொடுத்தேன். உரைக்கக் கூடாதாம். அடிக்கிறதா இருந்தா என்னைய அடிங்க.”

முழுவதையும் சொல்லி முடித்தாள். அவன் கல்லைக் கையில் எடுத்தான். எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கல் தலைக்கு மேலே போனது.

“அப்பா.”

கல் பிரேமலதாவின் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. டைல்ஸ் நட்சத்திரம்போலப் பிளந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, யாரிடமும் இல்லாமல், “நான் அடிச்ச அடிய எங்க போயி எடுக்கறது?” என்றான்.

கனிஷ்கா கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து, விளிம்பு நசுங்கிய டம்ளரை எடுத்து வந்து தண்ணீர் பிடித்தாள். தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் மிட்டாய் பல்லில் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதை நாக்கின் நடுவில் வைத்துக்கொண்டு டம்ளரைத் தூக்கினாள். டம்ளர் சாய்ந்து, தண்ணீர் பாவாடையில் தளும்பியது.

நவநீதன் மெல்லக் குனிந்து, டம்ளரைத் தாங்கக் கையை நீட்டினான். துண்டு நழுவிய மணிக்கட்டில் பல் வரிசை நீலம் பாரித்திருந்தது. அவள் தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவன் தொடவில்லை. கையை எடுக்கவும் இல்லை. டம்ளருக்கு ஒரு விரற்கடை கீழே, அந்தரத்தில், அந்தக் கை அப்படியே நின்றது. அவள் நாக்கில் மிட்டாயின் ரோஸ் நிறம் கரைந்துகொண்டிருந்தது.