துடைத்துவிட்டுப் போ

“பள்ளிக்கூடத்தையும் விட்டுட்டே. வீட்டுல என்னதாம்மா பண்றே?” என்று அண்ணனுடைய மேனேஜர் ஒருமுறை என்னைக் கேட்டார்.

“அவளா? சுவரோட சுவரா இருப்பா சார்” என்று அண்ணி சிரித்தாள்.

அதே மேனேஜர் இன்று பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், நெட்வொர்க் கார்டைத் திரும்ப வாங்கிப்போக. கம்ப்யூட்டரையும் கார்டையும் பேசவைக்கும் டிரைவர் புரோகிராமை அண்ணன் மூன்று வாரமாக எழுதுகிறான். பத்து நிமிடம் ஓடும், பிறகு கார்டு ஊமையாகிவிடும். இன்றும் சரியாகாவிட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

துணி மடிக்கிற சாக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். கார்டுக்குள் தகவல் சேரும் பெட்டி ஒன்று உண்டு. காலிப் பெட்டியில் முதல் தகவல் விழுந்ததும் கார்டு ஒரு கொடியை ஏற்றிக் கூப்பிடும். அதற்குப் பெயர் இன்டரப்ட். டிரைவர் ஓடிவந்து பெட்டியைக் காலி செய்யும், கடைசியில் கொடியை இறக்கும். பெட்டியில் ஏதாவது மிச்சம் இருந்தால் கார்டு மறுபடி கூப்பிடாது. கார்டு நின்ற நேரமெல்லாம் என் நோட்டில் இருந்தது. தகவலை மெதுவாக அனுப்பிய நாட்களில் நிற்கவே இல்லை.

காலையில் அண்ணன் கடைக்குப் போய் வந்து, அடுக்களைக் கதவில் கடைச் சாமான் எழுதிவைக்கும் வெள்ளைப் பலகையை வழக்கம்போலத் துடைத்தான்.

“சோப்பு எங்கே?” என்றாள் அண்ணி.

“நீ எழுதவே இல்லையே.”

“நீங்க கிளம்பினப்புறம் எழுதினேன். பாக்காமலே துடைச்சுட்டு, எழுதலையாம்!”

“அதுக்கு நான் ஜோசியமா பாக்கணும்?”

நான் உள்ளே போய் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘கொடியை முதலில் இறக்கு. பிறகு பெட்டியைக் காலி செய். நடுவில் வந்தவன் கூப்பிட்ட கூப்பாடு அழியக்கூடாது.’

அதை அண்ணனிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கார்டு வந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் திறந்து வைத்தார். அண்ணன் கார்டைக் கழற்றக் கை நீட்டினான்.

இதுவரை யாருக்கும் காட்டாத நோட்டை அவன் கைக்குக் கீழே வைத்தேன்.

“என்னடி இது?” என்றவன் படித்தான். திரையைப் பார்த்தான். மறுபடி படித்தான். “சார், ஒரே ஒரு தடவை.” புரோகிராமின் கடைசியிலிருந்த ஒரு வரியை மேலே ஏற்றி ஓடவிட்டான்.

பத்து நிமிடம். இருபது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“இந்தப் பக்கத்துல நான் தூக்கத்துல ‘சரி சார், சரி சார்’னு உளறுறதா எழுதியிருக்கே!” என்றான் நோட்டைப் புரட்டிய அண்ணன்.

“பொய்யா எழுதியிருக்கா?” என்றாள் அண்ணி.

மேனேஜர் குனிந்து பார்த்தார். அதே பக்கத்தின் தலைப்பில் அவர் அன்று கேட்ட கேள்வி, தேதியோடு. அதன்கீழ் பதிலுக்காக நான் விட்ட நான்கு வரிகள் காலியாகவே இருந்தன.

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். முக்கால் மணி நேரம் ஆகியும் விளக்கு நிற்கவில்லை. வெறும் அட்டைப்பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.