ஆறு மடங்கு

பத்து வேண்டுமென்றால் முப்பது கேள். டோக்கியோவின் குராமே பகுதியில் இருக்கும் பொம்மை மொத்த வியாபாரிகளுக்கு இதுதான் வேதம். வீடியோ கேம் கேசட் செய்து முடிக்க மாதக்கணக்காகும். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கம்பெனி தரும். கேட்பவனுக்கும் தெரியும், கொடுப்பவனுக்கும் தெரியும். ஊரறிந்த பொய்யில் பாவமில்லை என்று இருபது வருடம் தொழில் செய்தாள் ஹிசாயே. சிச்சிபு என்ற சிற்றூரில் அப்பாவின் பொம்மைக் கடையை நடத்திய அக்கா மிட்சுயோவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள்.

அந்த வசந்தத்தில், ரேடியோவும் டிவியும் செய்கிற பெரிய கம்பெனியின் ஆட்கள் அக்காவின் கடைக்கே நேராக வந்தார்கள். அவர்களுடைய கேம் பெட்டியில் கேசட் கிடையாது, சிடிதான். தீர்ந்துபோனால் ஒரே வாரத்தில் மறுபடி வரும். நடுவில் மொத்த வியாபாரியே வேண்டாம்.

அக்கா போன் செய்தாள். "என்னடி பண்ணட்டும்? கையெழுத்துப் போட்டுடவா?"

"ரேடியோ விக்கிறவனுக்குப் பொம்மையைப் பத்தி என்னக்கா தெரியும்? ஒரு வருஷம் ஆடிட்டு ஓடிடுவான். போகச் சொல்லு."

அக்கா போகச் சொல்லிவிட்டாள்.

செப்டம்பரில் கடைகள் அனுப்பிய ஆர்டர் தாள்களை ஹிசாயே பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டிக் கேசட் கம்பெனிக்கு அனுப்பினாள். அதற்குள் கேம் எழுதுபவர்கள் எல்லாரும் சிடி பக்கம் சாய்ந்திருந்தார்கள். கேசட் ஆலைகளுக்கு வேலையில்லை. டிசம்பரில், என்றைக்கும் இல்லாத அதிசயமாக, கேட்டதெல்லாம் அப்படியே கடைகளில் வந்து இறங்கியது. திருப்பி வாங்கும் வழக்கமும் இல்லை. பிள்ளைகள் சிடி கேட்டு வந்தார்கள், இல்லையென்றதும் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

புத்தாண்டு முடிந்ததும் கடையை மூடப்போவதாக அக்கா சொன்னாள். ஹிசாயே அடித்துப்பிடித்து ஓடினாள். கூரைவரை கேசட் பெட்டிகள். நடுவே அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா திட்டுக்கா. கெடுத்தவ நாந்தானே."

"திட்டினா பெட்டி குறையுமா? இந்தா, சாப்பிடு."

ஹிசாயே சுற்றிப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. "மூணு மடங்குக்கு இவ்வளவு வராதே. எத்தனைக்கா கேட்டே?"

"ஆறு மடங்கு."

"எதுக்கு?"

"பெரிய ஆர்டர் கொண்டுவர்ற வியாபாரியைத்தான் கம்பெனி மதிக்குது, பொம்பளைன்னு என்னைக் கடைசி வரிசையில உக்கார வெக்கிறாங்கன்னு நீ அழுதியே. கேட்டதை எப்படியும் வெட்டித்தானே தரப்போறான். உன் பேராவது மேல இருக்கட்டுமேன்னு எழுதினேன்."

ஹிசாயே தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்க முழங்காலிட்டுக் குனிந்தாள்.

அக்கா பதறித் தோளைப் பிடித்தாள். "எழுந்திருடி, பைத்தியம். குனியக்கூட இங்க எடமில்ல. பெட்டி சரிஞ்சு உன் மேல விழுந்துடும்."