இடது சக்கரம் ஆறுக்குட்டிக்கு

ஆறுக்குட்டியின் வயிற்றெரிச்சலைக் குழாய் போட்டு இழுத்திருந்தால், சோலூர்ப் பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரை விறகே இல்லாமல் ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம். ஆனால் டிரையருக்கே வேலை இல்லை. கொழுந்து விலை படுத்த படுக்கையாகிவிட்ட வருஷம் அது. ஃபேக்டரியின் நாலு லாரிகளில் மூன்றை விற்றாயிற்று. மீதியிருந்த ஒரு லாரிக்கு மெக்கானிக் இரண்டு பேர்: இடுப்பளவு அனுபவமுள்ள ஆறுக்குட்டி, அந்த வயிற்றை எரிய வைத்த, கழுத்தளவு அனுபவமுள்ள அப்துல் கஃபார். இனி ஒரு மெக்கானிக் போதும் என்று முதலாளி ராஜப்ரியா சொல்லிவிட்டாள்.

யார் அந்த ஒருவர் என்பதற்கு ஒரு பரீட்சை. ராஜப்ரியாவின் அப்பா ஓட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பின்பக்கம் பிரித்துப் போட்டபடி பல வருஷமாகக் கிடந்தது. அதைத் திரும்பச் சேர்த்துப் பூட்ட வேண்டும். மற்ற கார்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து ஆடும். இதில் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதற்குத் தகவலே போகாது.

“இடது சக்கரம் ஆறுக்குட்டி அண்ணா, வலது சக்கரம் கஃபார் அண்ணா. யாரோடது சரியா நிக்குதோ அவங்களுக்கு வேலை” என்றாள் ராஜப்ரியா.

சக்கரம் சரியாக நிற்பது ஒரு மெல்லிய தகட்டில் இருக்கிறது. ஷிம் என்பார்கள். பிரேக் டிஸ்க்குக்கும் சக்கரத்துக்குப் போகும் தண்டுக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும். ஒன்று கூடினால் சக்கரத்தின் தலை வெளியே சாயும், ஒன்று குறைந்தால் உள்ளே சாயும். அதையும் காலி வண்டியில் பார்க்கக் கூடாது; இரண்டு ஆளும் சாமான்களும் ஏறிய பாரத்தோடு பார்க்க வேண்டும்.

பாரத்துக்கு எங்கே போவது? வாங்க ஆளில்லாமல் கொழுந்துதான் வலைப்பை வலைப்பையாகக் கிடந்ததே! கொழுந்தை வாட வைக்கும் ஹாலில்தான் தரை கண்ணாடி மாதிரி மட்டம். காரை அங்கே நிறுத்தி, திறந்த கூரை வழியாக ஆறு பைகளை ஏற்றினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தேயிலைப் புதர் சக்கரம் முளைத்து ஊட்டிக்குக் கிளம்புவது போலிருந்தது.

கஃபார் ஒரே தரம் தகடு செருகினார். சாய்வு காட்டும் கேஜை வைத்தார். முள் கோட்டின் மேல் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆறுக்குட்டிக்கு நாலாவது தரம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்ணா, சக்கரத்துக்குக் கிறுகிறுப்பு வந்துரப் போகுதுங்க” என்றார் கஃபார்.

“நீங்க டீய ஆறாமக் குடிங்க பாய். சக்கரத்த நான் பாத்துக்கறேன்.”

சாயங்காலம் ஆறுக்குட்டியின் முள்ளும் கோட்டில் நின்றது. காலையில் ராஜப்ரியா வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடிந்ததும் முதல் ஆளாக ஆறுக்குட்டி வந்தார், தன் சக்கரத்தை ஒரு தரம் ரசித்துவிட்டுப் போகலாமென்று. கேஜை வைத்தால் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறது! ரத்தம் மண்டைக்கு ஏறியது. “பாய் கைய வெச்சுட்டான்!” கஃபாரின் சக்கரத்தையும் அளந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஒருவேளை அது சரியாக இருந்துவிட்டால் நெஞ்சு அங்கேயே வெடித்திருக்கும்.

ஜாக்கி போட்டார். நட்டுகளைக் கழற்றி ஒரு தகட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டார். பூட்டி இறக்கி, காரை முன்னும் பின்னும் தள்ளி உட்கார வைத்தார். முள் கோட்டுக்கு வந்தது. அவர் மூக்கைச் சுற்றி ஒரு மணம் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. அந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த மணம். பொறாமை பிடித்த மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

ராஜப்ரியாவும் கஃபாரும் வந்தார்கள். கஃபார் தன் பக்கம் கேஜை வைத்து, “அட! வெளிய சாஞ்சிருக்குதே” என்றார். பிறகு கொழுந்தை ஒரு கை அள்ளிப் பார்த்தார். துணி மாதிரி துவண்டது. “பரமசிவா!”

இருபது வருஷமாக அந்த ஹாலில் கொழுந்து வாட்டுகிறவன் பரமசிவன். தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“இலை காத்தில்லாம அடைஞ்சு கெடந்துச்சுங்க. கண்ணால பாக்க முடியலீங்க. ஃபேனப் போட்டுட்டுப் போனனுங்க.”

விடிய விடிய ஃபேன் காற்றில் கொழுந்து ஜோராக வாடி மணத்து, மூன்றில் ஒரு பங்கு எடை ஆவியாகிவிட்டது. பாரம் குறைந்ததும் கார் எழும்பி, இரண்டு சக்கரமும் ஒன்றுபோல வெளியே சாய்ந்துவிட்டிருந்தன. ஆறுக்குட்டியின் சட்டைப் பையில் தகடு ஐஸ் மாதிரி சில்லிட்டது.

“இலைய எறக்குங்க. ஆளுங்களையே ஏத்தலாம், ஆளுங்க வாட மாட்டாங்க” என்றாள் ராஜப்ரியா.

ஆறுக்குட்டியும் பரமசிவனும் சீட்டில் உட்கார்ந்தார்கள். பரமசிவனை இரண்டு தரம் நிறுத்தாலும் ஒரு ஆள் எடை வராது. அதற்காக டிக்கியில் டூல் பாக்ஸ்களை அடுக்கினார்கள். வலது சக்கரத்தில் முள் கோட்டின் மேல் நின்றது. இடது சக்கரம் தலையை உள்ளே சாய்த்து, தப்புச் செய்த பையன் மாதிரி நின்றது.

“இது மட்டும் ஏன் இப்படி?” என்றாள் ராஜப்ரியா.

ஆறுக்குட்டி சீட்டில் உட்கார்ந்தபடியே தகட்டை எடுத்து நீட்டினார். “நாந்தான் அம்மிணி. காத்தால உருவிட்டேன். பாய் ஏதோ பண்ணிப்போட்டார்னு நெனச்சனுங்க.”

ராஜப்ரியா சாய்ந்த சக்கரத்தை ஒரு தரம் பார்த்தாள். “அப்ப வேலை கஃபார் அண்ணாவுக்கு” என்றாள்.

கஃபார் தகட்டை வாங்கிக்கொண்டு காருக்கடியில் நுழைந்துவிட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது: “அம்மிணி, நேத்துச் சாயங்காலம் ரெண்டு சக்கரமும் சரியாத்தானுங்க நின்னுச்சு. எடது பக்கம் அண்ணன் கைவேலை, நான் பொறுப்பெடுக்க மாட்டனுங்க. அந்த ஒரு வேலைய ரெண்டாக்கிக் குடுங்க. ஆளுக்கொரு நாளா, நாளுவிட்டு நாளு வாரோம்.”

ராஜப்ரியா சிரித்துவிட்டாள். “சரி, அப்படியே செய்யுங்க.”

ஆறுக்குட்டி இன்னும் பாரமாகச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தன் கையில் அந்த முடிவு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அந்த மனிதனின் கையைப் பார்த்து மட்டும்தான் எரிந்தது. இனி மனசைப் பார்த்தும் எரிய வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு வயிறு. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“அண்ணா!” என்றது காருக்கடியிலிருந்து. “மூச்ச மெதுவா விடுங்க. முள்ளு ஆடுது.”