தானாக விழட்டும்

காலையில் கடையைத் திறந்ததும் றம்ஸீன் செய்யும் முதல் வேலை, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான். மாத்தளை நகரின் அந்த வீதியில் எதிரே மூன்று மாடிகளுக்குக் கண்ணாடி மின்னியது. அவருடைய புடைவைக் கடையோ விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு கோப்பி வியாபாரி கட்டிய இரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கோப்பி போய்க் கொக்கோ வந்து, கொக்கோ போய் மிளகு வந்து, கடைசியில் அவருடைய வாப்பா அதை வாங்கினார். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று தொல்பொருள் அதிகாரிகள் பலகை மாட்டிய நாளிலிருந்து, ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாதே என்ற எரிச்சல் மட்டும்தான் றம்ஸீனுக்கு மிஞ்சியது.

இதற்கு வழி சொன்னவர் அவர் மனைவி றிஸ்லாவின் சகோதரன் நப்லான். வீடு, கடை கட்டிக்கொடுப்பது அவர் தொழில்.

"ஒடைக்கத்தானே ஏலாது மச்சான்? தானா விழுந்தா ஆரு கேக்கப்போற?" என்றார் நப்லான்.

கூரையின் மழைநீர்ப் பீலி அடைத்துக்கொண்டது என்ற சாக்கில் அவருடைய ஆட்கள் கூரையில் ஏறினார்கள். பின்பக்க ஓடுகளில் கொஞ்சத்தைக் கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டு இறங்கினார்கள். மழை தன் வேலையைச் செய்யும். மரம் உளுத்ததும் ஆபத்தான கட்டடம் என்று எழுதிக்கொடுத்து இடிக்க அனுமதி கேட்கலாம். றம்ஸீன் சரி என்று தலையாட்டினார்.

ஒன்றை மட்டும் அவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மேல்மாடியின் பின் மூலையை வாடகைக்கு எடுத்துத் தையல் இயந்திரம் போட்டிருந்தவள் விதுஷா. தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பள்ளிச் சீருடையும் சட்டையும் தைப்பாள். தலைக்கு மேலே, ஓடுகளுக்கு அடியிலுள்ள பலகைக் கூரை ஈரமாக இருக்கிறது, கறுத்துக்கொண்டு வருகிறது என்று அவள் பலமுறை சொன்னாள். "பாப்பம் தங்கச்சி" என்பார் றம்ஸீன். நிலைமை மோசமாகும்முன் அவளை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். சொல்ல வாய் வராமல் மாரிகாலமும் வந்துவிட்டது.

அன்று விடிந்ததிலிருந்தே மழை கொட்டியது. பகலில் மின்சாரம் போனது. வீதி ஆறாக ஓடத் தொடங்க, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் றம்ஸீனின் கடை விறாந்தைக்கு ஓடிவந்தார்கள். எதிர்க்கடைகளில் வெள்ளம் புகுந்து, இருட்டுக்குள் சாமான்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே கருங்கல் அடித்தளம் வீதியைவிட இடுப்பளவு உயர்ந்து நின்றதால் படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. விறாந்தையின் செங்கல் வளைவுகள் சாரலை வெளியிலேயே தடுத்தன. ஒவ்வொரு வளைவின் நெற்றியிலும் நீட்டிக்கொண்டிருந்த கல்வரிசை, மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி விழவைத்தது. வெறும் அலங்காரம் என்றுதான் றம்ஸீன் அதை இத்தனை காலமும் எண்ணியிருந்தார்.

உள்ளே திரும்பியவர் அப்படியே நின்றார். கடைக்குள் இருட்டே இல்லை. கூரை நடுவில் எழும்பி நின்ற கண்ணாடிக் கூண்டிலிருந்து இறங்கிய வெளிச்சம், மேல்மாடியின் நடுத்திறப்பு வழியாகக் கீழ்த்தளம்வரை வந்து விழுந்தது. மழைநாளின் மங்கல் ஒளியிலும் நீலச் சேலையும் பச்சைச் சேலையும் பளிச்சென்று வேறுவேறாகத் தெரிந்தன. கோப்பிக் கொட்டையின் நிறம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டியவன், வெளிச்சத்தை எப்படி இறக்கியிருக்கிறான்! பகலெல்லாம் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு அதை மறைத்தவர் அவர்தான். மேல்மாடி முழுவதையும் தாங்கிய இரும்புத் தூண்கள் கமுகு மரம் போல ஒல்லியாக இருந்தன. அவற்றின் தலையில் வார்த்திருந்த இலைகளின் நரம்புகள்கூட அந்த ஒளியில் தெரிந்தன.

வில்கமுவ பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், தூங்கும் பிள்ளையை உள்ளே பெஞ்சில் கிடத்திவிட்டு, இது யாருடைய கட்டடம், இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று சிங்களத்தில் கேட்டாள். தன்னுடையது என்று சொன்னபோது றம்ஸீனுக்குப் பெருமையாக இருந்தது. மறுகணமே அந்தப் பெருமை அவரைச் சுட்டது.

அப்போதுதான் மேலே பெரும் சத்தம் கேட்டது.

றம்ஸீன் படிகளில் தாவி ஏறினார். பின் மூலையில் பலகைக் கூரை விட்டத்தோடு சரிந்து கிடந்தது. விதுஷாவின் நாற்காலி அதற்கடியில் நொறுங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தால், நடுத்திறப்பின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி விதுஷா வெளிறிப்போய் நின்றாள். பக்கத்தில் தையல் இயந்திரம். மின்சாரம் போனதும் மூலை இருண்டுவிட, கண்ணாடிக் கூண்டின் வெளிச்சத்துக்கு இயந்திரத்தை நகர்த்திவந்து காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இந்த வெளிச்சம் இல்லன்னா நான் அங்கதான் இருந்திருப்பேன், றம்ஸீன் நானா" என்றாள். பிறகு கூரையின் ஓட்டையைப் பார்த்து, காற்று ஓடுகளைக் கிளப்பிவிட்டதா என்று கேட்டாள்.

ஆமென்று சொல்லியிருக்கலாம். சத்தம் கேட்டு மேலே வந்தவர்களும் நம்பியிருப்பார்கள்.

"காத்தில்ல, தங்கச்சி. கட்டடம் தானா விழட்டும் எண்டு நான்தான் ஓட்டெல்லாம் கழட்டச் சொன்ன" என்றார் றம்ஸீன்.

விதுஷா நொறுங்கிக் கிடந்த நாற்காலியைக் காட்டினாள். "கட்டடம் விழணும்னு நெனச்சீங்க, சரி. அதுக்குள்ள நான் ஒருத்தி இருக்கேன்னு நெனப்பு வரலயா?"

மழை விட்டதும் அவள் இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

றம்ஸீன் தொல்பொருள் அலுவலகத்துக்குத் தானே போய் நடந்ததைச் சொன்னார். அங்கே வாங்கிக்கட்டிக்கொண்டார், வழக்கும் வந்தது, தண்டமும் கட்டினார். பார்க்க வந்த அதிகாரிகள், நனைந்த இடம் தவிர மற்ற மரமெல்லாம் இன்னும் இரும்பாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னபடியே மரமும் ஓடும் தேடி, கூரையைப் பழையபடி கட்டிமுடித்தார். பிறகு றிஸ்லாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் விதுஷாவைத் திரும்பி வரும்படி கேட்டார். அவள் உடனே சம்மதிக்கவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, கூரையை மூலைமூலையாகப் பார்த்தாள். பின் மூலை இனி வேண்டாம், மேல்மாடியில் நல்ல சேலைகளை அடுக்கியிருக்கும் அந்த வெளிச்சத்து இடம்தான் வேண்டும் என்றாள். றம்ஸீன் சேலைகளை நகர்த்தினார்.

செய்தி கேட்டு வந்த நப்லானுக்குப் பொறுக்கவில்லை. பேசாமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு மாரியில் காரியம் முடிந்திருக்குமே என்று கடிந்துகொண்டார்.

"ஒடைக்கிறதும், விழட்டும் எண்டு விட்டுட்டுப் பாத்துக்கொண்டு ஈக்கிறதும் ஒண்டுதான் மச்சான்" என்றார் றம்ஸீன். "சட்டத்தை ஏமாத்தலாம். ஆனா அந்தக் கட்டடத்துக்குக் கீழ ஈக்கிற மனுசருக்கு என்ன சொல்ல? பழைய கட்டடத்தைக் காப்பாத்துறது அரசாங்கத்துக்காக இல்ல. அதை நம்பி உள்ளுக்கு வாறவங்களுக்காக."