அப்பா தூங்குகிற வீட்டுப் பிள்ளை

1

இந்தக் கதை எனக்குத் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டை பஸ்ஸில் கிடைத்தது. சுலோச்சனா டீச்சரிடம் படித்த ஒருத்தி சொன்னாள். பாதி அவளுடையது, மீதி என் கைச்சரக்கு.

‘அறுபத்தேழாம் வருடம், சுரங்கத்தின் சங்கு ஊதியபோது…’

(அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சங்கில்தான் தொடங்குகிறார்கள்.)

2

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில் சுலோச்சனா பாலவாடி நடத்தினாள். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய லீலா அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. “ஊமைப் பிள்ளையை எப்படிம்மா சேர்ப்பது?” என்றார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

சுலோச்சனா நடுப்பகலில் லீலாவின் வீட்டுக்குப் போனாள். தாய் பார்வதம்மா வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தாள். ஒரே அறை. உள்ளே கணவன் சம்பங்கி தூங்கிக்கொண்டிருந்தான்.

“நைட் ஷிப்டு, டீச்சர். தூக்கமில்லாம கீழ எறங்குனா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும்” என்று கிசுகிசுத்தாள்.

மூலையில் லீலா பித்தளைச் சொம்பைத் தரையில் வைத்தாள். சத்தமே வரவில்லை. இவள் ஊமையில்லை, பழக்கப்படுத்தப்பட்டவள் என்பது சுலோச்சனாவுக்கு அப்போது புரிந்தது.

(சுலோச்சனாவின் புருஷன் சுரங்கத்தில் செத்தவன் என்று எழுதி, எடுத்துவிட்டேன். ஒருத்தியின் பிடிவாதத்துக்குத் துக்கம்தான் காரணமாக வேண்டுமா?)

3

சம்பங்கி எழும்வரை சுலோச்சனா வாசலில் காத்திருந்தாள்.

“காலைல ஷிப்டு முடிஞ்சதும் பாலவாடிக்கு வாங்க.”

“நா இன்னாத்துக்கு டீச்சர்? படிப்பு சொல்றது உங்க வேலை.”

“படிப்ப நான் பாத்துக்கறேன். பேசாதன்னு சொன்னது இந்த வீடு. பேசுன்னும் இந்த வீடுதான் சொல்லணும்.”

அவன் வரவில்லை. மறுநாளும் போய்க் கேட்டாள். அதற்கு மறுநாளும். ‘அவள் கண்களில் ஒரு…’ வேண்டாம். போனாள், அவ்வளவுதான்.

4

ஒரு காலையில் சம்பங்கி வந்தான். பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். கண் சொருகியது.

பாடிக்கொண்டிருந்த கொட்டகை அப்படியே அடங்கியது. யாரும் அதட்டவில்லை. லீலா மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த அமைதிதான் அவனை எழுப்பியது. அந்தக் கைகளையெல்லாம் பார்த்தான்.

“லீலா, அப்பா தூங்கல கண்ணு. முழிச்சினுதான் கீறேன். பேசு.”

அவள் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. அவன் தினமும் வந்தான். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நைட் ஷிப்டுக்காரன் ஏனோக்கையும் இழுத்து வந்தான்.

5

சேர்க்கை நாள். மேசைக்கு எதிரே சம்பங்கி, சுலோச்சனா, நடுவில் லீலா.

“உன் பேர் என்ன?” என்றார் தலைமையாசிரியர்.

சம்பங்கி வாயெடுத்தான். சுலோச்சனா கண்ணாலேயே தடுத்தாள்.

ஒரு முடிவில் லீலா கணீரென்று பெயர் சொல்கிறாள். இன்னொன்றில் சொல்வதில்லை. மூவரும் மறுநாளும் அதே மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், அதற்கு மறுநாளும். இரண்டிலுமே அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள்.