நாலாவது வாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யில ஆரம்பிச்சது. நான் எழுதின பொய்தான். பஸ் டிப்போ பின்னாடி காலி இடத்துல, குடும்பத்துக்கு ஒரு பாத்தின்னு காய்கறித் தோட்டம் போட்டாங்க. வீட்டுல நாலு பேர் சாப்பிட்டாத்தான் பாத்தி தருவோம்னு சொல்லிட்டாங்க. நாங்க மூணு பேர்: அம்மா, தம்பி, நான். ஃபார்ம் எழுதினது நான். நாலாவது கட்டத்துல 'சித்தி'ன்னு போட்டேன். அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டாங்க. அவங்களுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது.

(அம்மா பக்கத்துல தூங்குறாங்க. பயமா இருக்கு. ஆனா எழுதுற கை நிக்க மாட்டேங்குது.)

2

முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சேன்: "ஒரு ஊரில் ஓர் ஏழைக் குடும்பம் வசித்து—"

அடிச்சுட்டேன். ஏழைன்னா உச்சுக் கொட்டிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவீங்க. இதைக் கேளுங்க: ரெண்டு மாசமா ராத்திரி வெறுஞ்சோறு இல்ல. பாத்தியில விளைஞ்ச கீரை, வெண்டைக்கா, ஏதாவது ஒண்ணு. நேத்து தம்பி, "மறுபடியும் வெண்டைக்காயா"ன்னு மூஞ்சியைத் தூக்கினான். எங்க வீட்டுல ஒருத்தன் காயைப் பார்த்துச் சலிச்சுக்கிறான். எனக்குத் தலைகால் புரியல.

3

சித்தி பாத்திரம்தான் ஒட்டல. ஃபார்ம்ல வயசு முப்பத்தெட்டு, தொழில் தையல்னு போட்டிருந்தேன். (மாடியில டெய்லர் அக்கா மிஷின் ஓடிட்டிருந்துச்சு. வேற ஒண்ணும் தோணல.)

நாளைக்குக் காலைல தோட்டத்து மேடம் வீடு வீடா தலை எண்ண வர்றாங்க. ஒரு தலை குறைஞ்சா பாத்தி போயிடும். இன்னைக்குச் சாயந்தரம் மாடிக்கு ஓடினேன்.

"அக்கா, நாளைக்கு அரை மணி நேரம் எங்க சித்தியா இருக்கீங்களா?"

வாயில கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாங்க. "உன் சித்தி ராத்திரி எங்க சாப்பிடுறா?"

"அவளே பொய்தான்க்கா."

"நாலு பேர் பாத்தியை மூணு பேரா தின்னுட்டு இருக்கீங்க. தனிக்கட்டைன்னு என் ஃபார்மைத் திருப்பி அனுப்பிட்டாங்க, தெரியுமா? நடிக்கல்லாம் வரமாட்டேன். தினம் தட்டோட வர்றேன். சாப்பிட்டாத்தான்டி சித்தி."

நான் எழுதின ஆளு எங்கிட்டயே பேரம் பேசுறா. சரின்னுட்டேன். அம்மாவைக் கேக்கல.

4

முடிவு ஒண்ணு: மேடம் எண்ணுறாங்க. நாலு. போயிடுறாங்க.

முடிவு ரெண்டு: "எனக்கு ஏதுங்க தங்கச்சி"ன்னு அம்மா மேடம் முன்னாடியே—

(இது வேணாம்.)

முடிவு மூணு: இப்பவே எழுப்பிச் சொல்றது. முதுகுல ஒண்ணு விழும். விழட்டும். அதுக்கப்புறம் அம்மா என்ன சொல்வாங்கன்னு எனக்கு எழுத வரல. நீங்க எழுதிக்கோங்க. நான் அம்மா தோளைத் தொட்டுட்டேன்.

"என்னடி இந்நேரத்துல?"

"அம்மா, உனக்கு ஒரு தங்கச்சி கிடைச்சிருக்கா."